மைனஸ் 50 டிகிரியில் மனித வாழ்வு

மனித உடல் வெப்பமண்டலத்தில் உருவாகி வளர்ந்தது என்பதற்கு அதன் இயல்புகளே சான்று. ஆடையின்றி, அசையாமல், காற்று வீசாத இடத்தில் இருக்கும் ஒருவர் தனி முயற்சி எதுவுமின்றித் தம் உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமானால், சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸாவது இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே வெப்பநிலை குறையத் தொடங்கியதுமே உடல் தன் வெப்பத்தைப் பாதுகாக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அடர்ந்த ரோமமோ, தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலமோ இல்லாத இந்த உடலோடு மனிதர்கள் கிழக்குச் சைபீரியாவின் யாக்கூத்தியாவில், குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிரில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள் என்பது வியப்புக்குரியது. அந்த வாழ்வைச் சாத்தியமாக்கியது உடலின் வலிமையைக் காட்டிலும் வெப்பத்தைப் பற்றிய நுட்பமான அறிவே என்பதையும், குளிரால் நேரும் சாவுகளைத் தீர்மானிப்பது வெப்பமானி காட்டும் எண்ணைவிட மக்களின் ஆயத்தமே என்பதையும் இயற்பியலும் உடலியலும் மருத்துவப் புள்ளிவிவரங்களும் ஒருங்கே காட்டுகின்றன.

குளிர் தேங்கும் நிலம்

ரஷ்யக் கூட்டமைப்பின் மிகப் பெரிய மாநிலமான யாக்கூத்தியா, சகா குடியரசு என்றும் அழைக்கப்படுகிறது. அதன் வடபகுதியிலுள்ள வெர்கோயான்ஸ்க் நகரில் 1892 பிப்ரவரியில் மைனஸ் 67.8 டிகிரியும், ஒய்மியாக்கோன் என்னும் சிற்றூரில் 1933 பிப்ரவரி 6 அன்று மைனஸ் 67.7 டிகிரியும் பதிவாயின. மக்கள் நிலையாக வாழும் இடங்களில் அளவிடப்பட்ட மிகக் கடுங்குளிர் இவையே. அண்டார்டிக்காவின் வோஸ்தோக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரி இதனினும் கடுமையானதென்றாலும், அங்கே இருப்பவர்கள் குறிப்பிட்ட காலம் பணியாற்றித் திரும்பும் ஆய்வாளர்களும் பணியாளர்களும் மட்டுமே. குழந்தைகள் பிறந்து, பள்ளிக்குச் சென்று, முதுமையடைந்து வாழும் ஊர்கள் அங்கில்லை.

வட துருவத்தைவிடத் தெற்கே இருக்கும் இந்த நிலம் துருவத்தைவிடக் கடுமையாகக் குளிர்வதற்குக் காரணம் கடல் தொலைவில் இருப்பதே. கோடையில் பெற்ற வெப்பத்தைக் கடல்நீர் சேமித்துவைத்துக் குளிர்காலத்தில் மெல்ல வெளிவிடும். நிலத்துக்கு அந்த ஆற்றல் குறைவு. குளிர்காலத்தில் சைபீரியாவின்மீது நிலைகொள்ளும் உயரழுத்தப் பகுதி வானத்தை மேகமின்றியும் காற்றை அசைவின்றியும் வைத்திருப்பதால், நீண்ட இரவுகளில் தரையின் வெப்பம் கதிர்வீச்சாக விண்வெளிக்குத் தடையின்றித் தப்பிவிடுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது என்பதால் மலைச்சரிவுகளிலிருந்து வழிந்திறங்கி, கிண்ணத்தில் நீர் தேங்குவதைப் போலப் பள்ளத்தாக்குகளில் தேங்கி நிற்கிறது. வெர்கோயான்ஸ்கும் ஒய்மியாக்கோனும் இத்தகைய பள்ளத்தாக்குகளிலேயே அமைந்துள்ளன. அதே வெர்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வெப்பம் பதிவானது. ஓர் ஊரின் இரு எல்லைகளுக்கிடையே 105 டிகிரிக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பது உலகில் மிக அரிது.

மாநிலத் தலைநகரான யாக்கூத்ஸ்க், லேனா ஆற்றங்கரையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு விளங்கும் நகரம். அங்கே ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி; பாதரசம் உறைந்து திடப்பொருளாகும் வெப்பநிலையும் மைனஸ் 39 டிகிரியை ஒட்டியதே என்பதால், இக்குளிரை அளக்கப் பாதரச வெப்பமானி பயன்படாது, ஆல்கஹால் நிரப்பிய வெப்பமானியே வேண்டும். இத்தகைய நாட்களில் மனிதர்களின் மூச்சிலும் வண்டிகளின் புகையிலும் வெப்பநிலையங்களின் புகைபோக்கியிலும் இருந்து வெளிவரும் நீராவி உடனுக்குடன் நுண்ணிய பனிப்படிகங்களாக உறைந்து, உறைமூடுபனியாக நகரின்மேல் நாட்கணக்கில் கவிந்திருக்கும்.

வெப்பம் தப்பும் வழிகள்

உடலிலிருந்து வெப்பம் நான்கு வழிகளில் வெளியேறுகிறது. தோல் தன்னைச் சூழ்ந்துள்ள குளிர்ந்த பொருள்களை நோக்கி அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை உமிழ்வது கதிர்வீச்சு. தோலைத் தொட்டுச் சூடான காற்று விலகிச் செல்ல, அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று வந்து சேர்வது சலனம். குளிர்ந்த தரையையோ உலோகத்தையோ நேரடியாகத் தொடும்போது வெப்பம் அதற்குள் பாய்வது கடத்தல். வியர்வையும் மூச்சிலுள்ள ஈரமும் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வது ஆவியாதல். அசைவற்ற காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாகக் கடத்தும். கடுங்குளிரில் நனைந்த உடை, உடையே இல்லாத நிலைக்கு அருகில் மனிதனைக் கொண்டுசென்று நிறுத்துவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

காற்றின் வேகம் குளிரின் தாக்கத்தை எவ்வளவு கூட்டுகிறது என்பதை முதன்முதலில் முறையாக அளந்தவர்கள், அண்டார்டிக்காவில் பணியாற்றிய அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் ஆவர். பிளாஸ்டிக் உருளையில் நீரை நிரப்பித் திறந்தவெளியில் தொங்கவிட்டு, வெவ்வேறு வெப்பநிலையிலும் காற்று வேகத்திலும் அந்த நீர் உறைவதற்கு ஆகும் நேரத்தை அவர்கள் குறித்தார்கள். அந்த ஆய்வு 1945 இல் வெளியானது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று வானிலை அறிவிப்புகளில் இடம்பெறும் காற்றுக்குளிர் அளவு. 2001 இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தி வகுத்த வாய்பாட்டின்படி, வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியாக இருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், மூடப்படாத தோலுக்கு அது காற்றற்ற நாளின் மைனஸ் 33 டிகிரிக்கு ஒப்பானது. எனினும் காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் ஒரு பொருளைச் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாது. வெப்பம் பறிபோகும் வேகத்தை மட்டுமே அது கூட்டுகிறது. மைனஸ் 50 டிகிரியில் யாக்கூத்தியா மக்கள் நடமாட முடிவதற்கு அங்கே கடுங்குளிர் நாட்களில் காற்று பெரும்பாலும் அசையாமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

உடலின் எதிர்வினை

தோலிலுள்ள உணர்விகள் குளிரை அறிவித்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் கட்டுப்பாட்டு மையம் இரு வகையில் செயல்படுகிறது. முதலாவதாக, தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் குருதி நாளங்கள் சுருங்குகின்றன. குருதி உடலின் மையத்துக்குத் திரும்புவதால் இதயம், நுரையீரல், மூளை ஆகியவை 37 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் காக்கப்படுகின்றன. விரல்களும் மூக்கும் காதுகளும் அதற்கு விலையாகக் குளிர்ந்துபோகின்றன. விரல்கள் முழுவதும் கைவிடப்படாமலிருக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு: குளிர்நீரில் வைக்கப்பட்ட விரலில் சில நிமிடங்களுக்கொரு முறை நாளங்கள் தாமாக விரிந்து, வெதுவெதுப்பான குருதியை அனுப்பி, மீண்டும் சுருங்குவதை 1930 இல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் விவரித்தார். குளிர்நாட்டு மீனவர்களிடமும் ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியினரிடமும் இந்த விரிவு விரைவாகவும் வலுவாகவும் நிகழ்கிறது.

இரண்டாவது வழி, வெப்பத்தைக் கூடுதலாக உண்டாக்குவது. தசைகள் தாமாக விரைந்து சுருங்கி விரிவதே நடுக்கம். அதில் புற வேலை எதுவும் நடைபெறாததால், செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. ஓய்வு நிலையில் உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குவரை நடுக்கத்தால் உண்டாக்க முடியும். ஆனால் தசைகளில் சேமிப்பிலுள்ள எரிபொருள் தீரத் தீர நடுக்கமும் தளர்ந்துவிடும். நடுங்காமலே வெப்பம் தருவது பழுப்புக் கொழுப்பு. சாதாரணக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்துவைக்க, இந்தக் கொழுப்பின் உயிரணுக்களில் நிறைந்துள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் ஆற்றலை நேரடியாக வெப்பமாக்கிவிடுகின்றன. நடுங்கும் திறன் வளராத பச்சிளங்குழந்தைகளுக்கு இதுவே முதன்மையான பாதுகாப்பு. வளர்ந்தவர்களிடமும் கழுத்து, தோள்பட்டைப் பகுதிகளில் இது இயங்கும் நிலையில் இருப்பதை 2009 இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

யாக்கூத்தியாவின் பெரும்பான்மை இனத்தவரான சகா மக்களிடம் ஓய்வு நிலையிலேயே உடல் செலவிடும் ஆற்றல், அதாவது அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம், அதே உடலெடை கொண்ட பிற இனத்தவரிடம் எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆயினும் இந்தத் தகவமைப்புகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஆடையற்ற மனிதனை அவை உறைநிலைக்குக் கீழே நெடுநேரம் காக்கமாட்டா. நாளங்கள் சுருங்கும்போது குருதியழுத்தம் உயர்கிறது. நீர்மம் குறைந்து குருதி செறிவடைகிறது. அது உறைந்து கட்டியாகும் வாய்ப்பும் கூடுகிறது. உடலின் தற்காப்பே இதயத்துக்குச் சுமையாகும் இந்த நிலை, குளிர்கால மரணங்களைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ஆடை என்னும் தட்பவெப்பம்

கம்பளியும் ரோமமும் தாமாக வெப்பம் தருவதில்லை. அவற்றின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. ஆடை அணிந்த மனிதர் உண்மையில் தம் தோலைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு வெப்பமண்டலத்தைச் சுமந்து செல்கிறார் என்று கூறலாம். தடித்த ஓர் உடையைக் காட்டிலும் மெல்லிய பல அடுக்குகள் சிறந்தவையாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: அடுக்குகளுக்கிடையிலும் காற்று தங்கும் என்பது ஒன்று, உழைக்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றியும் ஓய்வின்போது மீண்டும் அணிந்தும் வியர்க்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே கடத்துவதாகவும், நடு அடுக்கு காற்றைத் தேக்குவதாகவும், வெளியடுக்கு காற்றையும் பனியையும் தடுப்பதாகவும் அமைய வேண்டும். நனைந்தால் நெடுநேரம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பருத்தி, தமிழகத்து வெயிலுக்கு உகந்ததாயினும் பனிநிலத்தில் ஆபத்தானது.

ஆர்க்டிக் மக்களின் உடைகளில் இந்த இயற்பியல் முழுமையாகச் செயல்படுகிறது. துருவ மானின் மேல்ரோமம் ஒவ்வொன்றும் உள்ளே காற்றறைகள் கொண்டது. ஆகவே ரோமங்களுக்கு இடையில் மட்டுமன்றி அவற்றுக்கு உள்ளேயும் காற்று தங்குகிறது. வட அமெரிக்க ஆர்க்டிக்கில் வாழும் இன்யூட் மக்கள் இம்மானின் தோலால் இரண்டு மேலங்கிகள் தைத்து, உள்ளங்கியின் ரோமம் உடலை நோக்கியும் வெளியங்கியின் ரோமம் புறத்தை நோக்கியும் இருக்குமாறு அணிந்தார்கள். தொளதொளப்பான அங்கிக்குள் சூடான காற்று மேலெழுந்து தங்கும். வியர்க்கத் தொடங்கினால் கழுத்துப் பகுதியைத் தளர்த்தி அதை வெளியேற்றிவிடலாம். முகத்தைச் சுற்றிய ரோம விளிம்பில் மூச்சின் ஈரம் பனியாகப் படியும். வுல்வரின் என்னும் விலங்கின் ரோமத்தில் படிந்த பனி எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் அந்த விளிம்புக்கு அதையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். யாக்கூத்தியாவில் துருவ மானின் கால்தோலால் செய்யப்படும் ‘உன்ட்டி’ என்னும் உயரமான காலணி இன்றும் நகரவாசிகள் விரும்பி அணிவது. ரப்பரும் சாதாரண பிளாஸ்டிக்கும் அந்தக் குளிரில் விறைத்து வெடிக்க, அந்தத் தோல் மட்டும் நெகிழ்வாகவே இருக்கிறது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளுமாறு கட்டைவிரல் நீங்கலாக நான்கையும் ஒரே உறைக்குள் சேர்க்கும் கையுறையும் இதே அறிவின் விளைவு.

இந்த அறிவு மிகப் பழமையானது. யாக்கூத்தியாவின் வடகோடியில் யானா ஆற்றங்கரையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வாழ்ந்த இடத்தை அகழ்ந்தபோது எலும்பிலும் தந்தத்திலும் செய்த ஊசிகள் கிடைத்தன. தோல்களை இடைவெளியின்றி இணைத்து உடலோடு பொருந்தும் உடையைத் தைக்க உதவிய ஊசி இல்லாமல் மனிதர்கள் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வாழ்வது மிகக் கடினமாக இருந்திருக்கும்.

வியர்வையை அலட்சியம் செய்வதன் விளைவை 1911 ஆம் ஆண்டு அண்டார்டிக்கக் குளிர்காலப் பயணம் காட்டியது. பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் ஆகிய மூவரும் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் திரட்டுவதற்காகக் குரோசியர் முனைக்கு நிலவொளியிலும் இருளிலும் நடந்தார்கள். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிவரை இறங்கிய அந்தப் பயணத்தில் அவர்களது வியர்வையும் மூச்சின் ஈரமும் துணிகளிலும் உறக்கப் பைகளிலும் தங்கி உறைந்தன. கூடாரத்துக்கு வெளியே வந்து தலையை நிமிர்த்தும் நொடிகளில் உடைகள் பலகையாக விறைத்துவிட, கழுத்தைத் திருப்ப முடியாமல் அதே நிலையில் வண்டியை இழுக்க நேர்ந்ததை செர்ரி-கராட் பின்னர் தம் நூலில் பதிவுசெய்தார். அதே காலத்தில் தென்துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென், 1903 முதல் 1905 வரை கனடாவின் வடபகுதியில் நெட்சிலிக் இன்யூட் மக்களின் அருகே தங்கி, அவர்களிடம் தோலுடையின் நுட்பங்களைப் பணிவோடு கற்றவர்.

குளிர் நாட்டின் வீடும் உணவும்

சகா மக்களின் மரபான குளிர்கால வீடு ‘பலகான்’ எனப்படும். உள்நோக்கிச் சாய்ந்த மரக்கட்டைச் சுவர்களின்மீது களிமண்ணும் சாணமும் கலந்து தடிமனாகப் பூசுவார்கள். மாட்டுத்தொழுவம் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியே இருக்கும். குளிர்காலம் தொடங்கியதும் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ தெளிந்த பனிக்கட்டிப் பலகையை அறுத்தெடுத்துச் சன்னல் துளையில் பொருத்தி, ஓரங்களை ஈரப்பனியால் அடைத்துவிடுவார்கள். அந்தப் பனிக்கட்டி ஒளியை உள்ளே விட்டுக் காற்றைத் தடுக்கும். பனியைக் கொண்டே குளிரைத் தடுப்பது முரணாகத் தோன்றினாலும், புதிதாகப் பெய்த பனியின் பெரும்பகுதி சிறைப்பட்ட காற்றே என்பதால் அது சிறந்த வெப்பக்காப்புப் பொருள். வெளியே மைனஸ் 40 டிகிரி இருக்கும்போதும் இன்யூட் மக்களின் பனிவீட்டுக்குள், ஒரு விளக்கும் சில மனித உடல்களும் தரும் வெப்பத்தாலேயே, வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கும்.

இன்றைய யாக்கூத்ஸ்க் நகரம் நிலத்தடி உறைபனியின்மீது, அதாவது ஆண்டு முழுவதும் உருகாமல் உறைந்தே கிடக்கும் மண்ணின்மீது நிற்கிறது. ஷெர்கின் என்னும் வணிக நிறுவன ஊழியர் 1828 இல் அங்கே கிணறு தோண்டத் தொடங்கி, 1837 இல் 116 மீட்டர் ஆழத்தை எட்டியபோதும் மண் உறைந்தே இருந்தது. நீர் கிடைக்காத அந்தக் கிணறு, 1840களில் மிடென்டார்ஃப் என்னும் அறிஞர் மண்ணின் வெப்பநிலையை ஆழம் ஆழமாக அளக்க உதவி, உறைமண் ஆய்வுக்கு அடித்தளமானது. வீட்டின் வெப்பம் கீழிறங்கி மண்ணை உருக்கினால் கட்டடம் சரியும் என்பதால், அடுக்குமாடிகள் உறைமண்ணில் ஆழமாக இறக்கப்பட்ட தூண்களின்மீது எழுப்பப்படுகின்றன. கட்டடத்தின் அடியில் குளிர்காற்று புகுந்து செல்ல இடைவெளி விடப்படுகிறது. வெப்பநிலையங்களிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய்கள் தடித்த காப்புறையோடு தரைக்கு மேலே ஓடுகின்றன. நுழைவாயிலில் அடுத்தடுத்து இரண்டு மூன்று கதவுகள் இருப்பது, குளிர்காற்று நேரே உள்ளே பாயாமல் தடுப்பதற்காக.

குளிரில் உடல் எரிக்கும் எரிபொருள் உணவே. ஒரு கிராம் மாவுச்சத்தும் புரதமும் ஏறத்தாழ 4 கிலோகலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருவதால், குதிரை இறைச்சி, துருவ மான் இறைச்சி, கொழுப்பு மிகுந்த ஆற்றுமீன், பாலேடு ஆகியவை யாக்கூத்தியாவின் உணவில் முதன்மை பெறுகின்றன. திறந்தவெளிச் சந்தையில் பாறைபோல் உறைந்த மீன்கள் வாளிகளிலும் பெட்டிகளிலும் செங்குத்தாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். குளிர்பதனப் பெட்டி அங்கே தேவையில்லை. உணவைப் போலவே நீரும் இன்றியமையாதது. மைனஸ் 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் தாங்க முடிந்த நீராவி ஏறத்தாழ 0.1 கிராமே என்பதால், உள்ளிழுக்கும் வறண்ட காற்றை ஈரமாக்கி ஈரமாக்கி உடல் தானறியாமலே நீரை இழக்கிறது. தாகத்துக்குப் பனியைத் தின்பது தவறு: மைனஸ் 40 டிகிரியிலுள்ள ஒரு கிலோ பனியை உருக்கி உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 137 கிலோகலோரி வேண்டும், அதைத் தர வேண்டியது ஏற்கெனவே குளிரோடு போராடிக்கொண்டிருக்கும் உடலே.

காப்பு தவறும்போது

உடலின் மைய வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலையை மருத்துவர்கள் தாழ்வெப்பநிலை என்பார்கள். 35 முதல் 32 டிகிரிவரை கடும் நடுக்கமும், கைத்திறன் குன்றுவதும், பேச்சு குழறுவதும் தோன்றும். 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் தளர்ந்து நின்றுபோகும். நடுக்கம் நின்றதைக் குணமாகக் கருதுவது உயிருக்கு ஆபத்தான பிழை. தெளிவாகச் சிந்திக்கும் ஆற்றல் முதலிலேயே மங்கிவிடுவதால் பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணர்வதில்லை. இறுதிக் கட்டத்தில் சுருங்கிய நாளங்கள் சோர்ந்து விரிய, உடல் எரிவதுபோன்ற உணர்வால் சிலர் தம் உடைகளைக் களைந்துவிடுவதும் உண்டு. 28 டிகிரிக்குக் கீழே இதயத் துடிப்பின் ஒழுங்கு எளிதில் குலையும். அந்நிலையிலுள்ளவரை முரட்டுத்தனமாக அசைப்பதே இதயத்தை நிறுத்திவிடக் கூடும்.

பாதிக்கப்பட்டவரைக் காற்றும் ஈரமும் இல்லாத இடத்துக்கு மென்மையாகக் கொண்டுசென்று, கிடைமட்டமாகப் படுக்கவைத்து, நனைந்த உடைகளை அகற்றி, தரையிலிருந்தும் காப்பளித்து, முதலில் உடலின் நடுப்பகுதியைச் சூடாக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் தரலாம். மது கூடாது, அது தோலின் நாளங்களை விரித்துக் கதகதப்பான உணர்வைத் தந்துகொண்டே உடலின் மைய வெப்பத்தைக் களவாடிவிடும். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு என்பதால், உயிரற்றவராகத் தோன்றுபவரும் மீளக்கூடும். 1999 இல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடைப் பனிக்கடியில் 80 நிமிடங்கள் சிக்கி, உடல் வெப்பநிலை 13.7 டிகிரிக்கு இறங்கி, இதயமும் நின்றுபோன ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஒருவரை, டிரோம்சோ மருத்துவமனையில் குருதியை உடலுக்கு வெளியே சூடாக்கிச் செலுத்தி உயிர்ப்பித்தார்கள். உடலைச் சூடாக்கிப் பார்க்காமல் இறப்பை அறிவிக்கலாகாது என்பது இன்று மருத்துவ விதி.

திசுக்களே உறைந்துபோவது பனிக்கடி. முதலில் குத்தலும் வலியும் தோன்றி, பின்னர் உணர்ச்சி மரத்து, தோல் வெளுத்து மெழுகுபோல் ஆகும். உறைந்த பகுதியைப் பனியால் தேய்க்க வேண்டும் என்ற பழைய வழக்கம், 1812 இல் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் பங்கேற்ற அறுவை மருத்துவர் லாரே போன்றோரின் பரிந்துரையால் நெடுங்காலம் நீடித்தது. பகலில் உறைந்த கால்களை இரவில் நெருப்பருகே சூடாக்கிய வீரர்கள் மறுநாள் மீண்டும் உறைபனியில் நடந்து கால்களை இழந்ததைக் கண்டே அவர் நெருப்பின் வெப்பத்தை எதிர்த்தார். உருகிய திசு மீண்டும் உறைவதே பெருங்கேடு என்ற அவரது கவனிப்பு சரியானது, தேய்க்கும் பரிந்துரையோ தவறானது. தேய்ப்பதால் திசுக்களுக்குள் உள்ள பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழிக்கும். மீண்டும் உறையும் வாய்ப்பில்லை என்று உறுதியானபின், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் மூழ்கவைத்து மருத்துவ உதவி பெறுவதே இன்றைய முறை. நெருப்பில் காட்டினால், உணர்வற்ற தோல் வெந்துபோவது தெரியாமலே போய்விடும்.

புள்ளிவிவரங்கள் தரும் பாடம்

குளிரைப் பற்றிய பொதுவான கருத்தை மாற்றக்கூடிய இரண்டு ஆய்வுகள் 1990களின் பிற்பகுதியில் வெளிவந்தன. 1997 இல் லான்செட் இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வு, வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மரணங்கள் எத்தனை சதவீதம் கூடுகின்றன என்று கணக்கிட்டது. கடுங்குளிர் நாடான பின்லாந்தின் தென்பகுதியில் அந்த உயர்வு 0.27 சதவீதமாக இருக்க, வெதுவெதுப்பான ஏதென்ஸில் 2.15 சதவீதமாக இருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான ஆய்வோ, யாக்கூத்ஸ்கில் 50 வயதைக் கடந்தவர்களிடையே, வெப்பநிலை மைனஸ் 48 டிகிரிவரை இறங்கியபோதும் மொத்த மரண விகிதம் குளிரோடு சேர்ந்து உயரவில்லை என்று காட்டியது. அந்த நகரத்தவர் குளிர் கூடக் கூட ரோம உடைகளையும் பல அடுக்குகளையும் அணிந்தார்கள். வீட்டைச் சூடாக வைத்திருந்தார்கள். கடுங்குளிரில் வெளியே செல்வதைக் குறைத்துக்கொண்டார்கள். ஏதென்ஸ் போன்ற நகரங்களிலோ குளிர் மிதமானது என்ற நம்பிக்கையால் வீடுகள் போதிய அளவு சூடாக்கப்படவில்லை. தொப்பியும் கையுறையும் அணிபவர்களும் குறைவாக இருந்தார்கள். நாளங்கள் சுருங்கி, குருதி செறிந்து, நோயுற்ற இதயங்கள் சுமை தாங்காமல் நின்றுபோவதற்கு மைனஸ் 50 டிகிரி தேவையில்லை. ஆயத்தமில்லாத முதியவருக்கு 7 டிகிரியே போதும்.

இந்தப் பாடம் தமிழர்களுக்கும் உரியது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியுள்ள ஈழத்தமிழர்களும், படிப்புக்கும் வேலைக்கும் அங்கே செல்லும் தமிழக இளைஞர்களும் கனமான ஒற்றை மேலங்கியை மட்டும் நம்பாமல், உலர்ந்த பல அடுக்குகளையும் தலை, காது, கைகளின் காப்பையும் வானிலை அறிவிப்பின் காற்றுக்குளிர் அளவையும் நம்ப வேண்டும். தமிழகத்திலேயே உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறைக்குள் அடுப்புக்கரியைக் கனலவைத்து உறங்கியவர்கள், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் கரியோ விறகோ எரியக் கூடாது என்பது குளிர்ப் பாதுகாப்பின் முதல் விதிகளுள் ஒன்று. மார்கழி, தை மாதக் குளிரில் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் கம்பளியும் சூடான உணவும் உலர்ந்த படுக்கையும் கிடைக்கச் செய்வதும், தெருவோரத்தில் உறங்குவோருக்குக் கூரையுள்ள புகலிடம் அமைத்துத் தருவதும் குடும்பமும் அரசும் தட்டிக்கழிக்கக் கூடாத கடமைகள். மைனஸ் 50 டிகிரியில் ஒரு நகரத்தால் தன் மக்களைக் காப்பாற்ற முடிகிறதென்றால், அதனினும் எவ்வளவோ மிதமான குளிரில் எந்த ஊரிலும் எவரும் இறக்க வேண்டிய தேவையே இல்லை.